மருந்துத் தண்ணீரின் நிறம்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ, அடையாளம் தெரிகிறதா? சுவரில் ஆளுயர எழுத்து எழுதிப் பழகின கைக்கு இந்தச் சின்னத் தாள் போதவில்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் நலம். நம் மகளும் நலம். மகள் நலம் என்று எழுதும்போது இந்தத் தடவை எனக்குப் பேனா தயங்கவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாதா? அடுப்படியில் கிசுகிசுத்தால்கூட அவள் அறையில் கேட்கும். அதோடு நீ என்னை என்றைக்கு முழுசாகப் பேச விட்டிருக்கிறாய்? நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஆரம்பித்துவிடுவாய். அதற்குள் நீ வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை அங்கே அழும், போனை வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு லாரிக்காரர் நாளைக்கு உன் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. பதறாமல் படி. உன் கோழிகளில் சண்டைக்காரி போய்விட்டாள். போன தடவை நீ போனில் கோழியெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நான் 'ம்' என்றேனே, அந்த 'ம்' பொய். மற்ற பத்தும் இன்றைக்குக் காலையில் கொட்டகையைத் திறந்ததும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடி வந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். முதலில் ஒரு தும்மல். நான் பின்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அந்தத் தூசிதான் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் கண்ணில் நுரை, தொண்டையில் கொரகொர சத்தம், தீனி போட்டால் வராமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்பது. யாரையும் தட்டுக்கு அண்டவிடாத சண்டைக்காரி ஒரு மூலையில் ஒதுங்கி நின்று மற்றதெல்லாம் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நம் மகள் உள்ளேயிருந்து வந்தாள். செத்துப்போனதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். அப்புறம் கண் வீங்கியிருந்த இன்னொன்றைத் தூக்கி, வாயைத் திறந்து பார்த்து, மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள். "அப்பா, வண்டிய எடுங்க. டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். எனக்குக் கோழி மறந்துபோயிற்று. அவள் வாசலைத் தாண்டி எவ்வளவு நாள் ஆகிறது!

ஆஸ்பத்திரியில் அந்தச் சம்பவம் நடந்ததிலிருந்து அவள் இங்கே எப்படி இருந்தாள் என்று உன்னிடம் முழுக்க நான் சொன்னதில்லை. அவள் வார்டில் இருந்த குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டாள், பாதி போவதற்குள் தலைமை நர்ஸ் பார்த்துப் பிடித்துவிட்டார், குழந்தை நல்லபடியாகத் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போயிற்று. இவ்வளவு உனக்குத் தெரியும். அவளை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை என்பதும் தெரியும். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொண்டு வா என்றுதான் சொன்னார்கள். அவள்தான் யூனிஃபாரத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டினவள் மாட்டினவள்தான். உனக்குத் தெரியாதது என்னவென்றால், அதற்கப்புறம் அவள் எதையுமே அளப்பதில்லை. சமைப்பாள், உப்பு டப்பாவை என் கையில் கொடுத்து நீங்களே போடுங்கள் என்பாள். ஒரு நாள் எனக்கு இருமல் வந்தது. அந்த மருந்தை மூடியில் ஒரு கோடு வரைக்கும் ஊற்றிக் கொடு என்றேன். பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நர்ஸுக்குப் படித்த பெண், சொந்த அப்பனுக்கு ஒரு மூடி மருந்து ஊற்ற முடியாமல் போனாள். அன்றைக்கு நான் மருந்தே குடிக்கவில்லை.

தலைமை நர்ஸ் நடுவில் இரண்டு தரம் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசிவரைதான் இடத்தை வைத்திருக்க முடியும், அதற்கு மேல் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். இவள் "சரி மேடம், சரி மேடம்" என்று வைத்துவிட்டாள். மாதமோ ஓடிக்கொண்டிருந்தது.

சரி, கோழிக்கு வருகிறேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு ஆடும் ஒரு மகா கோபக்கார நாயும் எங்களுக்கு முன்னால் இருந்தன. டாக்டரம்மா நல்ல மாதிரி. கோழியைப் பார்த்துவிட்டு ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து ஐந்து நாள் விடாமல் கொடுக்க வேண்டும். "பாக்கெட்டு மேல போட்டிருக்கறது பெரிய பண்ணைக்குண்டான கணக்கு. அத அப்படியே பாத்துப் போட்டுடாதீங்க. மருந்து கோழியோட எடைக்குத்தான், வாளிக்கு இல்ல. மொத்தம் எத்தனை கிலோ இருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு இன்னிக்குப் பாருங்க. அன்னன்னிக்கு உள்ள மருந்து அந்தத் தண்ணிக்குள்ள இருக்கணும். கம்மியானா கிருமி சாகாது, மருந்துக்கே பழகிடும். ஜாஸ்தியானா கசக்கும், கோழி தண்ணியவே தொடாது" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் ரொம்பத் தலையாட்டினால் ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம். அது உனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியாதே.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி பொடி என்று நானே தீர்மானித்துப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். அவள் அடுப்படி வாசலில் நின்றபடி அந்த வாளி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். வாளி என்றால் வாளிதான் என்றேன். கோழி எத்தனை கிலோ என்றாள். தூக்கிப் பார்த்தால் தெரியும் என்றேன். "அப்பா, நீங்க தள்ளுங்க" என்றாள். தள்ளிவிட்டேன். வாழ்க்கையில் யார் யாரோ என்னைத் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள், இப்படிச் சந்தோஷமாக நான் தள்ளினதில்லை.

நீ ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்க வாங்கினோமே, கொக்கி வைத்த தராசு, அதை எடுத்து வந்தாள். ஒவ்வொரு கோழியையும் துணிப்பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டுத் தொங்கவிட்டாள். உன் குண்டச்சி தொங்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள் போலிருக்கிறது. எடையையெல்லாம் என் பழைய பெயின்ட் ஷேட் கார்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீர். கோழிகள் தண்ணீர்த் தொட்டியில் மட்டுமா குடிக்கின்றன? துணி துவைக்கிற இடத்தில் தேங்குவது, பூந்தொட்டிக்குக் கீழே உள்ள தட்டு, பின்பக்கம் சொட்டுகிற குழாய், இப்படி ஊரெல்லாம் குடிக்கின்றன. எல்லாவற்றையும் கவிழ்த்தாள், துடைத்தாள். குழாயை என்னைச் சரிபண்ண வைத்தாள். எத்தனை வருஷமாக அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லி நீ கத்தினாய்? அன்றைக்கு மாற்றிவிட்டேன். கோபப்படாதே.

பிறகு அளந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கோழிகளுக்கு வைத்தாள். அதே மாதிரி இன்னொரு தொட்டியில் அதே அளவு ஊற்றிக் கம்பி வலைக்கு வெளியே வைத்தாள். இது யாருக்கு, எனக்கா என்று கேட்டேன். வெயிலில் காய்ந்து போகிற தண்ணீரைக் கோழி குடித்ததாகக் கணக்கில் எடுத்துவிடக் கூடாது அல்லவா, வெளியே இருக்கிற தொட்டியில் எவ்வளவு குறைகிறதோ அதைக் கழித்துவிடலாம் என்றாள். அடியே, எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது! இந்தப் புத்தி உன் பக்கத்திலிருந்து வந்ததா, என் பக்கத்திலிருந்து வந்ததா என்று நாம் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கணக்குப் பார்த்தால் பத்துக் கோழிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கும் குறைவான பொடி. பாக்கெட்டோடு வந்த கரண்டியோ தலைதட்டினால் ஐந்து கிராம். பாதிக்கும் குறைவை எப்படி எடுப்பது? அவள் தினமும் ஒரு கரண்டிப் பொடியைத் தலைதட்டி, நூறு மில்லி தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து வேண்டியதை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சித் தொட்டித் தண்ணீரில் கலப்பது என்று முடிவு செய்தாள். மிச்சக் கரைசலைக் கொட்ட வேலியோரம் ஒரு குழி. இவ்வளவையும் கணக்குப் போட்டாள், ஆனால் சிரிஞ்சைத் தொடவில்லை. அதை என் பக்கம் நீட்டினாள். என் விரல் தடிமனுக்கு அந்தப் பிஸ்டனைப் பிடிக்கவே வரவில்லை, மருந்தெல்லாம் என் சட்டையில். (சட்டை போனால் போகிறது, அதில் ஏற்கெனவே இல்லாத நிறம் இல்லை.) கண் வீங்கின கோழி தும்மிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உறிஞ்சி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, மறுபடி விட்டு, மறுபடி உறிஞ்சி, கலந்தாள். நான் பார்க்காத மாதிரி தீவனச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். திட்டாதே.

அவள் மருந்துத் தண்ணீரை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன். பொடி நல்ல மஞ்சள். தண்ணீரோ, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். இப்படி ஒரு மஞ்சளை நான் சுவரில் அடித்தால் வீட்டுக்காரர் எப்போது பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பார். இது எப்படி நோயைப் பிடிக்கும்? எனக்குத் தெரிந்தது நிறம் ஒன்றுதான். என் கண் பிசகினதே இல்லை என்று நான் சொல்லி நீ கேட்டுச் சலித்திருக்கிறாய். பாவம், பிள்ளை பயத்தில் குறைத்துப் போட்டிருக்கிறாள், அவளிடம் சொன்னால் மறுபடி உடைந்துபோவாள், நாமே சத்தமில்லாமல் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டின் நுனியால் கொஞ்சம் பொடி எடுத்துப் போட்டுக் கலக்கினேன். இன்னும் கொஞ்சம். என் கண்ணுக்குப் பிடித்த மஞ்சள் வந்ததும் நிறுத்தினேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

கோழிகள் தண்ணீரைத் தொட்டுவிட்டுத் தலையை உதறின. சாயங்காலம் அவள் மிச்சத்தை அளந்தால், முதல் நாளைவிட இரண்டாம் நாள் மிச்சம் அதிகம், மூன்றாம் நாள் அதைவிட அதிகம். கோழிகளெல்லாம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. நான்காம் நாள் காலையில் அவள் பாக்கெட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். ஒரு காகிதத்தில் பொடியைக் கொட்டி, கரண்டி கரண்டியாகத் தலைதட்டித் திரும்பப் போட்டு எண்ணினாள். பாக்கெட்டுக்குப் பத்துக் கரண்டி, மூன்று நாளைக்கு மூன்று போக ஏழு கரண்டி இருக்க வேண்டிய இடத்தில் நாலு சொச்சம்தான் இருந்தது.

அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மறுபடியும் பண்ணிட்டேன்ப்பா. மூணு நாளா ஜாஸ்தியா குடுத்திருக்கேன். ஒரு கோழிக்குக்கூட என்னால சரியா அளந்து குடுக்க முடியல. மேடத்துக்கு போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிடறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நம்பவில்லையடி! "எனக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா" என்று சொல்லி என் கையைத் தடவிக்கொடுத்தாள். திருடன் 'நானே திருடினேன்' என்று கத்துகிறான், போலீஸ் அவனைச் சமாதானப்படுத்துகிறது. உன் மேல் ஆணை என்றேன். அதற்கும் அந்தச் சோகச் சிரிப்புதான். அப்பா என்றால் பிள்ளைக்காகப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறவர் என்று ஒரு பெரிய எண்ணம் என்னைப் பற்றி. அந்த எண்ணம் எனக்கு அன்றைக்கு வேண்டாத பாரமாக இருந்தது.

கோபம் வந்துவிட்டது. "எழுந்திரு. நீ எப்பவும் வைக்கிற மாதிரி தண்ணி கலந்து வை. நான் செஞ்சு காட்டறேன்" என்றேன். வேண்டாவெறுப்பாக எழுந்து கலந்து வைத்தாள். பட்டித் தகட்டை எடுத்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, பொடி எடுத்துப் போட்டுக் கலக்கி, போட்டுக் கலக்கி, என் மஞ்சள் வந்ததும் நிறுத்தினேன். இதுதான், இந்த மஞ்சள்தான், மூன்று நாளும் இதேதான் என்றேன். அவள் தொட்டியை உற்றுப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைக் கொட்டி மறுபடி கரண்டியால் அளந்தாள். நான் அள்ளினது ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் உதடு முணுமுணுத்தது. ஒரு கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று நாள், மூன்று கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. குறைந்திருந்ததும் அதேதான்! இம்மி பிசகவில்லை.

அவள் அந்தக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அப்போ நான் போட்டது சரிதான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி ஒரு தடவை சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள் பார், என்ன திட்டு, என்ன திட்டு! "உங்களுக்கு அறிவு இருக்காப்பா? மருந்து என்ன டிஸ்டெம்பரா? கலர் பாத்துப் போடறதுக்கு? கோழி செத்திருந்தா?" என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும்வரை விடவில்லை. உன் குரல் அப்படியே. எனக்கு எதிரே நீதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாயோ என்று தோன்றிற்று. குற்றம் நிரூபிக்கப்பட்டு இவ்வளவு சந்தோஷமாக நின்ற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திட்டி முடித்து மூச்சு வாங்கினவள், "ஆனா மூணு நாளும் எப்படிப்பா ஒரே அளவா போட்டீங்க?" என்று கேட்டாள். என் கண் பிசகுமா என்று உன் அம்மாவிடம் கேள் என்றேன். சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு, அந்தத் தெத்துப்பல் தெரிகிற சிரிப்பு.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். போனில் அவள் பேசினதை நீ கேட்டிருக்க வேண்டும். எத்தனை கிலோ கோழி, போட வேண்டியது எவ்வளவு, போனது எவ்வளவு, எத்தனை நாள், எவ்வளவு குடித்தன என்று மடமடவென்று சொன்னாள், ஒரு திணறல் இல்லை. அதைக் கொட்டிவிட்டு இன்றைக்கு முழுக்க நல்ல தண்ணீர் கொடுங்கள், நல்ல வேளை குடிக்காமல் தப்பித்தன, நாளையிலிருந்து சரியான அளவில் மறுபடி தொடங்கி ஐந்து நாள் முழுசாகக் கொடுங்கள் என்றாராம். அதோடு, பெயின்டர் சாரைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம். வார்டிலே வேலை பார்த்தீர்களா என்று இவளைக் கேட்டாராம். ஆமாம் என்று சொன்னாளாம். பார்த்தேன் என்று சொல்லவில்லை, பார்க்கிறேன் என்று சொன்னாளாம். இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் கொட்டகையின் பின்பக்கம் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

புதுப் பாக்கெட் வாங்கி வந்தோம். அன்றைக்கு வேலை போன என் கண்ணுக்கு அடுத்த நாளே வேறு வேலை கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் பார்த்துத்தான் மருந்து போடுவது வழக்கமாம். அந்தச் சம்பவம் நடந்த அன்றைக்குக் கூட இருந்த நர்ஸ் வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள், இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் கூப்பிட வேண்டுமா என்று இவள் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகவே போட்டுவிட்டாள். இதை இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம் சொன்னாள். இப்போது ஒவ்வொரு காலையும் அவள் சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். கோட்டுக்கு நேரே கண்ணை வைத்து நான் பார்த்து, சரி என்றால்தான் கலப்பாள். ஒரு நாள் ஒரு மயிரிழை கூட இருக்கிறது என்றேன். மறுபேச்சு இல்லாமல் குறைத்தாள். நிறத்தைப் பார்க்கக் கூடாது, கோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. கோடு பார்ப்பதில் நான் குறைந்தவனா? இரண்டு நிறம் சேருகிற இடத்தில் நூல் பிடித்த மாதிரி கோடு இழுத்தே காலம் தள்ளினவன்.

முட்டை விஷயமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் லாரிக்காரர் வீட்டம்மா உனக்குப் போன் பண்ணி நான் கஞ்சனாகிவிட்டேன் என்று சொல்லுவார். மருந்து கொடுக்கும்போதும், நிறுத்தின பிறகு டாக்டரம்மா சொல்லும்வரையும் முட்டையை யாரும் சாப்பிடக் கூடாது. மருந்து முட்டையில் இறங்கிவிடுமாம். அந்த அம்மா கேட்டு வந்தபோது நான் ஒன்றிரண்டு போனால் என்ன என்று எழுந்தேன், இவள் வாசலிலேயே நின்று, முடியாது அத்தை, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டாள். எல்லா முட்டையையும் குழியில் போட்டு மூடினாள். ஒவ்வொரு முட்டை உடையும்போதும் எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. அவள் அசையவில்லை.

நேற்று மருந்து முடிந்தது. கொரகொர சத்தம் போய்விட்டது, கண் வீக்கம் வற்றிவிட்டது. நேற்று மத்தியானம் அவள் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். நான் கேட்காத மாதிரி செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "திங்கட்கிழமை டூட்டிக்கு வரேன் மேடம். ஆனா கொஞ்ச நாளைக்கு என் அளவ யாராவது கூட நின்னு பாக்கணும்" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவள் நிமிர்ந்து நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் என் தலையாட்டல் மாதிரி இல்லை. என் பெண் என்று தெருவில் போகிற எல்லாரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. லாரிக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் பாவம், லோடு ஏற்றுகிற அவசரத்திலும் முழுக்கக் கேட்டார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். திங்கட்கிழமை போகிற விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அவளே சொல்லப் போகிறாள். என்னைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அந்தச் சம்பவத்தைக் கேட்ட அன்றைக்கு நீ போனில் அழுதாய். போதும்டி, அந்த வேலையே உனக்கு வேண்டாம், நான் இருக்கிறேன், நீ வீட்டோடு இரு என்று சொன்னாய். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆனால் நேற்று அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னாள், "அம்மாவே வேணாம்னு சொன்னப்பதான்ப்பா, நான் அந்த வேலைக்கு லாயக்கே இல்லன்னு முடிவு பண்ணேன்" என்று. உன்னைக் குறை சொல்லவில்லை. அன்பினால்தான் நீ சொன்னாய் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள்ளே அப்படியே இருக்கிறது. அதை எடுக்க நான் போதாது. நீதான் எடுக்க வேண்டும்.

பயம் உனக்கு மட்டுமா? திங்கட்கிழமை அவள் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது எனக்கும் தொண்டை வரை வேண்டாம் என்று வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள். அழுகை வந்தால் போனை வைத்த பிறகு அழு. ஜாக்கிரதை, பார்த்து, யோசித்துக்கோ என்று எதையும் சொல்லாதே. போயிட்டு வாம்மா என்று சொல். அது போதும். நீ சொல்லாவிட்டாலும் அவள் போகத்தான் போகிறாள். ஆனால் நீ சொல்லிப் போகட்டும்.

உன் குரலுக்காக அவளோடு சேர்ந்து காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்